வீட்டுக் கணினியும் இணையமும்: கோளாறு எங்கே உள்ளது?

ஒரு காலத்தில் பட்டணத்து அலுவலகங்களில் மட்டுமே காணக் கிடைத்த கணினி, இன்று நமது கிராமங்களில் ஓட்டு வீடுகளிலும் இடம் பெற்றுவிட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டில் தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் கேட்க வேண்டுமே என்று கடன்பட்டும் கருவி வாங்கிய குடும்பங்கள் பல. இன்று கல்லூரிச் சேர்க்கை, அரசுப் பணித் தேர்வுக்கான விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் ஆகிய யாவற்றிற்கும் இணையமே வாயிலாக இருந்து வருகின்றது.

ஆகவே, வீட்டுக் கணினி நின்றுவிடுமாயின் அதனால் விளையும் நட்டம் சிறிதன்று. விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளன்று இணையம் அறுந்துபோயின், ஒரு மாணவியின் ஓராண்டு உழைப்பு வீணாகலாம். நெல் விற்ற பணத்தில் வாங்கிய கருவி போலியாக இருப்பின், அப்பணம் திரும்பி வருவது அரிது. இத்தகைய தொல்லைகள் நேரும்போது, "நமக்கு இது வராது" என்று மனம் தளர்ந்துவிடுவோரே மிகுதி. ஊர்தோறும் சென்று வருகின்ற எமக்கு இக்குறையைக் கேளாத நாள் இல்லை. ஆயினும் இத்தொல்லைகளிற் பெரும்பாலானவற்றிற்கு எளிதில் அறியக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பம்புசெட் வைத்திருக்கும் குடியானவர் ஒருவர், குழாயில் தண்ணீர் வராவிடில் உடனே மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவதில்லை. முதலில் மும்முனை மின்சாரம் வருகின்றதா என்று பார்க்கின்றார். பின்னர் ஸ்டார்ட்டரையும், அதன்பின் ஃபுட் வால்வையும், இறுதியில் கிணற்றின் நீர்மட்டத்தையும் பார்க்கின்றார். கோளாறு இருக்கும் இடத்தை அறிந்த பிறகே செலவு செய்கின்றார். கணினிக்கும் இம்முறையே பொருந்தும். தொல்லை எழக்கூடிய இடங்கள் மூன்று: ஒன்று, கருவி, இரண்டு, வழி, மூன்று, கடை. இவற்றுள் எதனிடத்துக் குறை என்பதைத் தெளிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

கருவியில் உள்ள கோளாறுகள்

"கணினி மெதுவாக ஓடுகின்றது" என்பதே யாவரும் கூறும் முதற்குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் நச்சுநிரல் என்று எண்ணிப் பணம் செலவிடுவோர் உளர். உண்மையில் பழைய கணினிகளில் தாமதத்திற்குரிய காரணம் பெரும்பாலும் இரண்டே. முதலாவது, ராம் என்னும் தற்காலிக நினைவகம் போதாமை. வேலை செய்யும் மேசை சிறிதாயின், ஒரு தாளை எடுத்து வைத்தே மறு தாளை விரிக்க இயலும், அதுபோன்றதே இதுவும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் பல பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்தால் அது திணறுவது இயல்பே. இரண்டாவது காரணம், சுழலும் தட்டினால் இயங்கும் பழைய ஹார்டு டிஸ்க். அதனை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத சேமிப்பகத்தைப் பொருத்தினால், பல ஆண்டு பழகிய கணினியும் புதியது போல் விரைந்து திறப்பதைக் காணலாம். புதுக் கணினி வாங்குவதற்கு முன்னர் இவ்விரண்டையும் விசாரித்து அறிதல் நலம்.

வெப்பமும் புழுதியும் அடுத்த பகைகள். மெத்தையின்மீதும் பாயின்மீதும் மடிக்கணினியை வைத்து இயக்கினால், அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுக் கருவி சூடேறுகின்றது. சூடேறிய கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. ஆகவே மரப்பலகையின்மீது வைத்தல் வேண்டும். பேட்டரி உப்பி, கருவியின் அடிப்பாகமோ விசைப்பலகையோ மேலெழும்பி இருக்குமாயின், அதனை உடனே நிறுத்திப் பழுது பார்ப்பவரிடம் காட்டல் வேண்டும், அழுத்தி மூடலாகாது, அது தீப்பற்றும் அபாயமுடையது.

கணினியின் உலோக உறையைத் தொடும்போது மெல்லிய அதிர்ச்சி உண்டாகின்றது என்று பலர் கூறுவர். வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியாக இல்லாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள்ளாக்கிச் செருகும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். இடியும் மின்னலும் உள்ள நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது நன்று; சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.

மென்பொருளின் ஆயுளும் ஒரு செய்தியாகும். வீடுகளில் மிகுதியாக வழங்கிவந்த விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. அதன்பின் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. இதனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை வைத்திருப்போர் செய்வதறியாது நிற்கின்றனர். அத்தகைய கருவியைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. லினக்ஸ் வகையைச் சேர்ந்த இயக்க மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எழுதுவதற்கும், இணையம் பார்ப்பதற்கும், பாடம் படிப்பதற்கும் அவை போதுமானவை.

இவை யாவற்றினும் பெரிய நட்டம், சேமித்த கோப்புகள் அழிந்துபோவதே. எந்தச் சேமிப்பகமும் ஒருநாள் கெடுவது உறுதி. மதிப்பெண் சான்று, பத்திரத்தின் படி, குடும்பத்தினரின் புகைப்படம் ஆகியவற்றைக் கணினியில் ஒன்றும், வெளியே ஒரு சேமிப்பகத்தில் ஒன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றுமாக மூன்று படிகள் வைத்தல் வேண்டும். விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைப்பவர் உண்டோ?

வழியில் உள்ள கோளாறுகள்

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வாயிலாக இணையம் கொண்டு செல்லும் திட்டத்தை மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஏற்றது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தினிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் இணைப்புகளும் பல ஊர்களை எட்டியுள்ளன. எனினும், "பணம் கட்டியும் நெட் வரவில்லை" என்ற முறையீடு எங்கும் கேட்கின்றது.

இணையம் நின்றவுடன், மக்கள் மோடம் என்று வழங்கும் ரௌட்டர் பெட்டியின் விளக்குகளை முதலில் நோக்குதல் வேண்டும். கண்ணாடி இழை இணைப்பாயின் அதில் எல்.ஓ.எஸ். என்று குறிக்கப்பட்ட விளக்கு ஒன்று இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலும் சிமிட்டினாலும், ஒளி நம் பெட்டியை வந்தடையவில்லை என்பது பொருள். இழை எங்கேனும் அறுந்திருக்கலாம். மண் தோண்டும் பொக்லைனும், முறிந்து விழும் மரக்கிளையும், எலியும் அதற்குக் காரணமாகலாம். அந்நிலையில் கணினியை நூறுமுறை நிறுத்தித் தொடங்கினாலும் பயனில்லை. இணைப்பளிப்பவருக்குச் சொல்லுவதே வழி. வீட்டிற்குள் வரும் இழையை ஆணியடித்து மடக்குவதாலும் இக்குறை நேரும். கண்ணாடி இழை கூரிய வளைவைப் பொறுக்காது. வளைவில் ஒளி கசிந்துவிடும்.

அவ்விளக்கு சிவப்பாக இல்லை. ஆயினும் இணையம் வரவில்லை என்றால், பெட்டியை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்கிப் பார்க்கலாம். பெட்டிக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது வேகம் நன்றாகவும், உள்ளறையில் குறைவாகவும் இருக்குமாயின், குறை வெளியே இல்லை. வீட்டிற்குள் பரவும் வைஃபை அலையிலேயே உள்ளது என்று தெளியலாம்.

வைஃபை என்பது வானொலி அலையே. அது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பெரும்பாலும் இயங்குகின்றது. முன்னது சுவரை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகமுடையது, ஆனால் இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். இரும்பு அதனைத் தடுத்துத் திருப்புகின்றது. தண்ணீர் அதனை உறிஞ்சுகின்றது. நம் வீடுகளில் இப்பெட்டியை எங்கே வைக்கின்றோம்? பிள்ளைகள் கைக்கு எட்டலாகாது என்று இரும்பு பீரோவின் பின்னாலும், எவர்சில்வர் பாத்திர அலமாரியின் ஓரத்திலும், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் வைக்கின்றோம். பிறகு வேகம் இல்லை என்று வருந்துகின்றோம். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், மறைப்பின்றி வைப்பின் செலவில்லாமலே குறை பாதி தீர்ந்துவிடும்.

வேகத்தின் கணக்கையும் அறிந்திருத்தல் நலம். நொடிக்கு 30 மெகாபிட் என்று விற்கப்படும் இணைப்பில், கோப்பு நொடிக்கு 30 மெகாபைட் வீதம் இறங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். 8 பிட் சேர்ந்தது 1 பைட் ஆகும். ஆகவே நொடிக்கு 3.75 மெகாபைட்டே மிக அதிக அளவாகும். 1,000 மெகாபைட் கொண்ட ஒரு கோப்பு இறங்க ஏறக்குறைய நாலரை நிமிடம் பிடிக்கும். இதனை அறிந்தவர் வீணே சண்டையிட மாட்டார்; அறிந்தபின்னும் வேகம் குறைவாயின் உரிமையோடு கேட்பார். குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வேகமேனும் இருந்தால்தான் அதனை அகலக்கற்றை எனலாம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023-ஆம் ஆண்டில் வரையறுத்தது.

முறையிடும்போது வாய்ச்சொல்லோடு நிற்றலாகாது. தொலைத்தொடர்புச் சேவை அளிப்போர் ஒவ்வொரு முறையீட்டிற்கும் ஓர் எண் வழங்க வேண்டும் என்பதும், தீர்வு நிறைவளிக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம் என்பதும் 2012-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் உள்ளவை. அவ்வெண்ணையும் தேதியையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தல் வேண்டும்.

படமும் எழுத்தும் தரும் தொல்லை

விண்ணப்பம் அனுப்புவோர் பெரிதும் இடர்ப்படுவது புகைப்படத்தை ஏற்றும்போதுதான். கைபேசியில் எடுக்கும் படம் சில மெகாபைட் அளவினதாக இருக்கும்; விண்ணப்பத் தளம் கேட்பதோ சில பத்து கிலோபைட். 1,000 கிலோபைட் சேர்ந்ததே 1 மெகாபைட். ஆகவே படத்தை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியிருக்கின்றது. படத்தின் நீள அகலத்தைக் குறைத்துச் சேமித்தால் அளவு தானே குறையும். இதனைக் கடைசி நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று இருத்தல் தகாது. படமும் கையொப்பமும் உரிய அளவில் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தமிழில் தட்டெழுதிய மனு, பிறிதொரு கணினியில் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுவதும் உண்டு. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து அமைக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழ் என்பதே தெரியாது. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டாகையால் அது எங்கும் தமிழாகவே தோன்றும். 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடைத் தரமுறையாக ஏற்றுள்ளது. 1999-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டு அதில் எளிதாக எழுதலாம்.

கடையில் உள்ள கோளாறுகள்

இனி, வாங்குவதில் நேரும் இடர்களைக் காண்போம். மிகக் குறைந்த விலையில் 2 டிபி பென் டிரைவ் என்று இணையத்தில் விற்கப்படும் பொருள்கள் பல போலியானவை. உள்ளே சில ஜிபி மட்டுமே இருக்கும். கணினியை ஏமாற்றிப் பேரளவு காட்டுமாறு அவை மாற்றி அமைக்கப்பட்டிருக்கும். நிரப்பும்போது குறை தெரியாது. திறந்து பார்க்கும்போதுதான் கோப்புகள் இல்லையென்று தெரியவரும். அத்தகைய சேமிப்பகம் வாங்கினால், திருப்பி அனுப்புவதற்குரிய நாள் முடியுமுன் முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதித்தல் வேண்டும். இதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச மென்பொருளும் உண்டு. ஆனால் 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டுவது மோசடியன்று. விற்போர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகின்றனர், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் கணக்கிடுகின்றது, வேறுபாடு அவ்வளவே.

"இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் விலை உயரும்" என்று இணையக் கடைகள் அவசரப்படுத்துவதையும், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதையும், விலையின் ஒரு பகுதியை மறைத்து இறுதியிற் கூட்டுவதையும் பலர் கண்டிருப்பர். இத்தகைய 13 வகைச் சூழ்ச்சிகளை 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வெளியான வழிகாட்டு நெறிகளின் வாயிலாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்துள்ளது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பெருந்துணையாகும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையக் கடை குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றமைக்கு ஒப்புதல் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தீராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின்னும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கடை மும்பையில் இருப்பினும் நாம் மும்பை செல்ல வேண்டுவதில்லை. குறை நேர்ந்த இரண்டாண்டுக்குள் வழக்கிடுதல் வேண்டும். இதற்கு வேண்டுவது சான்று. ரசீதைப் பாதுகாத்தல், பெட்டியைப் பிரிக்கும்போது கைபேசியில் படம் பிடித்தல், அனுப்பிய செய்திகளை அழியாது வைத்தல் ஆகிய மூன்றும் வழக்கமாக வேண்டும்.

பொருள் கெட்டுவிட்டது என்று இணையத்தில் தேடி, அங்கே கிடைத்த எண்ணை அழைத்துச் சேமிப்பு முழுவதையும் இழந்தோர் உளர். வஞ்சகர் பலர் நிறுவனத்தின் பெயரில் தம் எண்ணைப் பரப்பி வைத்துள்ளனர். உதவி எண்ணை ரசீதிலோ, நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ பார்த்தே அழைக்க வேண்டும். பணம் திருப்பித் தருவதாகக் கூறி யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடச் சொல்பவர் எவரும் வஞ்சகரே; ஏனெனில், பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டுவதேயில்லை. நம் கணினியையோ கைபேசியையோ தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். பணம் போய்விட்டதாயின் வெட்கி மறைத்தலாகாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்துவதே இவ்வேற்பாட்டின் நோக்கமாதலால், ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

ஊர் செய்யத்தக்கவை

இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பட்டு அறிய வேண்டும் என்பதில்லை. ஏரிக்கு நீர்ப்பாய்ச்சி இருந்தது போன்று, ஊருக்கு இணையத்தை அறிந்த இளைஞர் இருவர் வேண்டும். கல்லூரியில் பயிலும் பெண்களும் ஆண்களும் ஊர்தோறும் இருக்கின்றனர். ஊராட்சி நூலகத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்திலோ மாதம் ஒருநாள் அவர்கள் அமர்ந்து, படம் சுருக்குதல், படிகள் எடுத்தல், முறையீடு எழுதுதல் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். எந்தக் கடை ஏமாற்றியது, எந்த இணைப்பு அடிக்கடி அறுகின்றது என்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பின், அது ஊர் முழுமைக்கும் பயன்படும். தனி ஒருவரின் முறையீட்டைத் தள்ளிவிடும் நிறுவனம், முப்பது வீட்டார் தேதியும் எண்ணும் இட்டு அனுப்பும் முறையீட்டைத் தள்ளிவிடத் தயங்கும்.

ஆண்டிற்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகின்றது. குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும் அவ்விடத்தில் இணையமும் பேசப்படலாம். அறுந்த இழை எத்தனை நாள் சீர்செய்யப்படாது கிடந்தது என்று தேதியோடு கேட்பதற்கு யாவருக்கும் உரிமை உண்டு.

புதிய கருவி எதுவும் முதலில் அச்சத்தையே தரும். டிராக்டர் வந்தபோதும் அவ்வாறே இருந்தது. இன்றோ அதன் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் இளைஞர்கள் நம்மூர்களில் உள்ளனர். கருவியா, வழியா, கடையா என்று கேட்கும் பழக்கம் வேரூன்றினால் கணினியும் அங்ஙனமே வசப்படும். அடுத்த விண்ணப்பத்தின் கடைசி நாள் வரும்வரை காத்திராமல், இம்மாதமே ஒவ்வொரு வீட்டிலும் மோடம் இருக்குமிடத்தை மாற்றிப் பார்க்கவும், சான்றுகளுக்கு மூன்று படிகள் எடுக்கவும், 1915, 1930 ஆகிய இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வைக்கவும் அன்பர்கள் முன்வருவார்களாக.